சரிங்க மிஸ்ஸி

கிள்ளானில் எங்கள் குடும்ப நலக் கிளினிக் ஒரு கடைவரிசையின் மாடியில் இருந்தது. கீழே சைக்கிள் கடை. நான் அக்கா என்று கூப்பிட்டவர் அங்கே ஆயாவாகச் சேர்ந்த முதல் வாரம், ஒரு பெண்ணைப் பரிசோதிக்கும்போது விளக்கைப் பிடித்துக்கொள்ளும்படி டாக்டர் அவரிடம் சொன்னார். "சரிங்க" என்று பிடித்துக்கொண்டார். பரிசோதனை முடிந்து அந்தப் பெண் இறங்கிப் போனாள். டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு தேநீர் குடிக்கப் போய்விட்டார். அரைமணி நேரம் கழித்து ஏதோ ஒரு கோப்பைத் தேடி நான் அந்த அறைக்குள் போனேன். யாருமில்லாத அறையில் அக்கா இன்னும் விளக்கைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா, எல்லாரும் போயாச்சு. கீழ வைங்க."

"டாக்டரம்மா வைக்கச் சொல்லலியே மிஸ்ஸி."

"நான் சொல்றேன். வைங்க."

"சரிங்க மிஸ்ஸி."

நான் நர்ஸ் இல்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து தினமும் கிள்ளானுக்கு வந்துபோன ஒரு கிளார்க். தமிழ் தெரிந்தவள் என்பதால் மொழிபெயர்க்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. ஆனால் ரப்பர் தோட்டத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஆஸ்பத்திரி வாசனை வீசும் எந்தப் பெண்ணும் மிஸ்ஸிதான். அன்று அந்த விளக்குக் கதையை ஆபீசில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தேன். இருபத்தோரு வயது எனக்கு. அக்காவுக்கு என்னைவிட நான்கு வயதுதான் கூடுதல் என்பது பிறகுதான் தெரிந்தது. பார்த்தால் பத்து வயது மூத்தவராகத் தெரிவார்.

அவர் எல்லாவற்றுக்கும் சரி என்பார். பஸ் கண்டக்டர் ஒரு நாள், அவர் வீடு இருந்த பண்டமாரானுக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே, "இங்கதான், இறங்கு" என்று சொல்லிவிட்டான். தன் வீடு அங்கே இல்லை என்று அவருக்குத் தெரியும். சரி என்று இறங்கி, மழையில் நடந்து போனார். மகளுக்குக் கமலா என்று பெயர் வைக்கத்தான் ஆசைப்பட்டிருக்கிறார். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி பிறப்புப் பாரத்தில் விமலா என்று எழுதிவிட்டார். அக்கா வீட்டுக்கு வந்து பிள்ளையை விமலா என்றே கூப்பிட ஆரம்பித்தார். "எழுதிட்டாங்களே மிஸ்ஸி" என்பார். அதில் வருத்தம் இருந்ததா என்று நான் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். குரலில் ஒன்றும் தெரியாது. தலையை இடப்பக்கம் லேசாகச் சாய்த்து, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே சொல்வார். சொன்னதும் அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

அவர் பெயரை இங்கே எழுதலாமா என்று விமலாவிடம் கேட்டேன். "வேணாம் ஆன்டி. அம்மா பேர நெறைய பேரு நெறைய பேப்பர்ல எழுதிட்டாங்க," என்றாள்.

அந்தக் காலத்தில் எங்கள் கிளினிக்குக்கு வெளிநாட்டு விருந்தினர்கள் அடிக்கடி வருவார்கள். உலகத்தில் பிள்ளைகள் அதிகமாகப் பிறக்கிறார்கள், அதனால்தான் ஏழை நாடுகள் ஏழையாகவே இருக்கின்றன என்று எல்லாரும் பேசிய காலம். கோலாலம்பூரில் பெரிய ஹோட்டலில் கூட்டம் நடக்கும். அதன் கடைசி நாள் அவர்களை வேனில் ஏற்றிக் கிள்ளானுக்கு அழைத்து வருவார்கள். கிளினிக்கை நடத்திய மேடம் பெரிய இடத்துப் பெண்மணி. கெட்டவர் இல்லை. பிரசவ வலியில் துடித்த ஒரு பெண்ணைத் தன் சொந்தக் காரில் தானே ஓட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். ஆனால் விருந்தினர்கள் வரும் நாளில் அவர் முகம் மாறிவிடும். சுவரில் படம் நேராக இருக்கிறதா, மேசையில் பூ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கடைசியில் அக்காவைப் பார்ப்பார்.

"அந்த நீலச் சேலையைக் கட்டச் சொல்லு."

"மேடம் நீலச் சேல கட்டச் சொல்றாங்க அக்கா."

"சரிங்க."

அக்காதான் காட்டப்பட்டவர். தோட்டத்திலிருந்து வந்த பெண், இரண்டே பிள்ளைகள், குடும்பக் கட்டுப்பாட்டு ஆப்பரேஷன் செய்துகொண்டவர், இப்போது வேலையும் செய்கிறார். விருந்தினர்கள் அரைவட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் அவர் நிற்பார். நான் பக்கத்தில்.

ஏன் இந்த முடிவை எடுத்தீர்கள் என்று கேட்பார்கள். அக்கா, "கேட்டாங்க, சரின்னு சொன்னேங்க" என்பார். கணவரும் தானும் நன்றாக யோசித்து, இருக்கிற பிள்ளைகளை நல்லபடி வளர்க்க வேண்டும் என்று முடிவெடுத்ததாக நான் ஆங்கிலத்தில் சொல்வேன். மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா என்று கேட்பார்கள். "நல்லா இருக்கேங்க" என்பார். தோட்டத்து மற்றப் பெண்களுக்கும் இதைத்தான் எடுத்துச் சொல்கிறார் என்று நான் சேர்த்துக்கொள்வேன். யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொன்னதில்லை. சின்னப் பதிலைக் கேட்டால் அவர்கள் முகம் வாடும். பெரிய பதிலைக் கேட்டால் தலையாட்டிக் குறிப்பெடுப்பார்கள். அவர்கள் குறிப்பெடுப்பது எனக்குப் பிடித்திருந்தது.

அக்காவின் மகனுக்கு நாலு வயதில் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் காய்ச்சல்தான். நாலாம் நாள் விடியற்காலை போய்விட்டான். நானும் பண்டமாரானுக்குப் போயிருந்தேன். அக்கா அழவில்லை. யாரோ உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

எட்டாம் நாள் விருந்தினர்கள் வருவதாக இருந்தது. மேடம் என்னைக் கூப்பிட்டார். "வர முடியுமா என்று மட்டும் கேள். கட்டாயம் இல்லை என்று சொல்," என்றார். கட்டாயம் இல்லை என்றே சொன்னேன்.

"சரிங்க மிஸ்ஸி," என்றார் அக்கா.

"முடியலன்னா வேணாம் அக்கா."

"வரேங்க."

அன்றும் நீலச் சேலைதான். உயரமான ஒரு வெள்ளைக்காரப் பெண், முகத்தில் அத்தனை கனிவு, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள். நான் அக்காவைப் பார்த்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று அவரும் என்னைப் பார்த்தார். பிறகு அவரே, "ரெண்டுங்க" என்றார்.

இரண்டு என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவரை நான் முதலில் பார்த்தது கிளினிக்கில் இல்லை, பிரசவ வார்டில்.

அப்போது நான் வேலையில் சேர்ந்து ஐந்து மாதம். வாரத்தில் இரண்டு நாள் வார்டுக்குப் போய், பிள்ளை பெற்ற தாய்மார்களிடம் பேசி, ஆப்பரேஷனுக்குச் சம்மதிக்கிறவர்களின் பாரத்தை நிரப்பிக்கொண்டு வர வேண்டும். மாதக் கடைசியில் எத்தனை பேர் சம்மதித்தார்கள் என்று கோலாலம்பூருக்கு எழுத வேண்டும். அங்கிருந்து அது வெளிநாட்டுக்குப் போகும். எண்ணிக்கை கூடினால் கடிதத்தில் ஒரு பாராட்டு வரும்.

ஜன்னலோரக் கட்டிலில் அவர் படுத்திருந்தார். காலையில்தான் ஆண் குழந்தை பிறந்திருந்தது. உதடு வெடித்து, கண் சொருகிக் கிடந்தார்.

"எத்தன பிரசவம் அக்கா?"

"மூணுங்க."

மூன்று என்று எழுதினேன். எத்தனை பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்கள் என்று கேட்க அந்தப் பாரத்தில் கட்டம் இல்லை. முதல் பெண் தோட்டத்திலேயே வயிற்றுப்போக்கில் போய்விட்டாள். பதினோரு மாதம். அதை நான் தெரிந்துகொண்டது ஒரு வருடம் கழித்து, கிளினிக்கில் இருவரும் துணி மடித்துக்கொண்டிருந்தபோது.

"இனிமே புள்ள வேணாம்னா நாளைக்கே கட்டிடுவாங்க. சின்ன ஆப்பரேஷன்தான். கட்டிடலாமா?"

"டாக்டரம்மா சொன்னாங்களா?"

"ஆமா."

"சரிங்க."

நான் பொய் சொல்லவில்லை. டாக்டர் சொல்லித்தான் இருந்தார், எல்லாரிடமும் கேட்கச் சொல்லி. கணவரும் மாலையில் வந்து பெருவிரல் ரேகை வைத்தார். அவரிடமும் "கட்டுறது" என்றுதான் சொன்னேன். நாங்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். இருபது நிமிடத்தில் முடிந்த வேலை. அன்று ஆறு பாரம் நிரப்பினேன் என்று நினைவு. ரயிலில் திரும்பும்போது சந்தோஷமாக இருந்தேன்.

மகன் போன மறு வருடம் அக்காவின் கணவர் கிளினிக்குக்கு வந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். மாடிப்படியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, கையில் தொப்பியோடு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். அன்று அக்கா பின்கட்டில் கருவிகளை வேகவைத்துக்கொண்டிருந்தார். கணவர் வந்தது அவருக்குத் தெரியும். வெளியே வரவில்லை.

"மிஸ்ஸி, என் சம்சாரத்துக்குக் கட்டுனீங்கல்ல, அத அவுத்து விடணும்."

நான் மேடத்தைக் கூப்பிட்டேன். மேடம் பொறுமையாக விளக்கினார். அது அவிழ்க்கிற கட்டு இல்லை, நிரந்தரமானது, பாரத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது என்றார். பாரத்தை எடுத்துக் காட்டினார். மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. கீழே அவருடைய ரேகை. அவர் அதைக் குனிந்து பார்த்தார்.

"இது என் கைதான்," என்றார். பிறகு என்னிடம், "எங்க வீட்டுல ஆம்பளப் புள்ள இல்ல மிஸ்ஸி. எங்கம்மா பேசிக்கிட்டே இருக்கு. நான் என்னா செய்யறது?" என்றார். கேட்டது சண்டைபோடும் குரலில் இல்லை. நிஜமாகவே நான் ஏதாவது வழி சொல்வேன் என்று நினைத்தார். நான் பாரத்தைக் கோப்பில் திருப்பி வைத்தேன். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

அந்தத் தீபாவளிக்கு முன்னால் அவர் காப்பார் பக்கம் வேறு ஒரு பெண்ணோடு குடித்தனம் போய்விட்டார். போவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னேன்."

எனக்குக் கோபம் வந்தது. "சரின்னா சொன்னீங்க? ஒரு வார்த்த கேக்கலயா நீங்க?"

அக்கா சாப்பாட்டு டப்பாவை மூடினார். "வேற என்னா சொல்லணும் மிஸ்ஸி? தெரிஞ்சா சொல்லியிருப்பேன்," என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ், அப்பா ஸ்டேஷனில் கிளார்க், யாழ்ப்பாணத்தை ஒரு முறைகூடப் பார்க்காமலே வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிற குடும்பம் எங்களுடையது. "உந்தக் கதையளை இஞ்சை கொண்டு வராதை. உனக்கும் கலியாணம் பேசவேணும்," என்றார் அம்மா. அவ்வளவுதான்.

எண்பதுகளின் நடுவில் காற்று திசை மாறியது. நாட்டுக்கு ஆட்கள் போதாது, முடிந்தவர்கள் நிறையப் பெற்றுக்கொள்ளலாம், ஐந்துகூடப் பெறலாம் என்று ஆட்சியில் இருந்த பெரியவர்கள் பேசத் தொடங்கினார்கள். பத்து வருடத்துக்கு மேலாக நாங்கள் சொல்லிவந்ததற்கு நேர்மாறான பேச்சு. எங்கள் சுவரில் இருந்த சிறு குடும்பப் படங்களை எடுத்துவிடச் சொல்லி உத்தரவு வந்தது. அக்காதான் சுரண்டி எடுத்தார். பழைய பசை, லேசில் வரவில்லை. இரண்டு நாள் ஏணியில் நின்று சுரண்டினார். பிறகு புதுப் படம் வந்தது. ஒரு வீட்டு முன்னால் அப்பா, அம்மா, சுற்றிலும் பிள்ளைகள். அதை ஒட்டிவிட்டு இறங்கியவர் வெகுநேரம் அதன் முன்னால் நின்றார். பிறகு என் மேசைக்கு வந்தார்.

"மிஸ்ஸி, இப்ப நெறைய பெத்துக்கச் சொல்றாங்களா?"

"ஆமா அக்கா. மேலேருந்து அப்படித்தான் சொல்றாங்க."

"அப்ப என்னுத அவுத்து விடுவாங்களா?"

அத்தனை வருடத்தில் அவர் தனக்கென்று கேட்டது அந்த ஒன்றுதான். முதலில் எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. இதுவும் மேலிடத்துக்கு அவர் சொல்லும் ஒரு 'சரி'தான் என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. ஈரம் இல்லாத கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"யாருக்காக அக்கா? அவரு திரும்பி வருவாருன்னா?"

"அவரு வராட்டிப் போறாரு. தீவாளிக்குத் தீவாளி வீட்டுக்கு வந்துட்டுத்தான் போறாரு. எனக்கு ஒண்ணு இருந்தா நல்லா இருக்கும் மிஸ்ஸி. நானே வச்சிக்குவேன்."

மேடத்திடம் காரணம் சொல்லாமல் விடுப்பு போட்டு, கோலாலம்பூரில் ஒரு பெரிய டாக்டரிடம் அழைத்துப் போனேன். நிதானமான சீனர். படமெல்லாம் எடுத்துப் பார்க்க மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் அக்கா கிளினிக்கில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வேலை செய்தார். என்ன பாட்டு என்று கேட்டேன். தோட்டத்தில் தாலாட்டுவார்களே, அது என்றார்.

டாக்டர் ஒரு தாளில் கருக்குழாய்கள் என்று இரண்டு கோடு வரைந்தார். ஒவ்வொரு கோட்டின் நடுவிலும் நீளமாக அழித்தார். இவ்வளவையும் வெட்டி எடுத்துவிட்டார்கள், சேர்ப்பதற்கு மிச்சம் எதுவும் இல்லை என்றார். ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னேன். அந்த வேலையில் நான் அப்படிச் செய்த முதல் தடவை அதுவாகத்தான் இருக்கும்.

அக்கா டாக்டருக்குக் கை கூப்பிவிட்டு எழுந்தார்.

கிள்ளான் பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அம்மா தேநீர் கொடுத்தார். அக்கா சமையலறை வாசலில் கீழேதான் உட்கார்ந்தார். நாற்காலியில் உட்காரச் சொல்லியும் கேட்கவில்லை. அம்மா பின்பக்கம் போனதும், தேநீர்க் கிளாசைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"மிஸ்ஸி, அன்னிக்கு வார்டுல நீங்க கட்டுறதுன்னுதானே சொன்னீங்க?"

"ஆமா அக்கா."

"அறுக்கறதுன்னு சொல்லலியே."

"சொல்லல."

"கட்டுறதுன்னா வேணுங்கறப்ப அவுத்துக்கலாம்னு நெனச்சேன். ஆடு மாடு கட்டுற மாதிரி. அவரும் அப்படித்தான் நெனச்சாரு." கிளாசைச் சுவரோரமாக நகர்த்தி வைத்தார். "ஒங்கள கொற சொல்லல மிஸ்ஸி. கேட்டுக்கிட்டேன், அவ்வளவுதான்."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. பஸ் நிறுத்தம் வரை நடந்தபோதும் தோன்றியது. பஸ் வந்தது. பார்த்துப் போங்க அக்கா என்று சொன்னேன்.

அதன் பிறகு அவர் பாடிக் கேட்டதில்லை. வேலையில் குறை இல்லை. தொண்ணூறுகள் பிறந்த சமயத்தில் முழங்கால் வலி தாங்காமல் வேலையை விட்டார். பதினேழு வருடம் செய்திருந்தார்.

அவர் போன பிறகு எங்களுக்கு ஒரு புதிய இயக்குநர் வந்தார். வெளிநாட்டில் படித்த இளம்பெண். உலகமெல்லாம் இப்போது வேறு மாதிரி பேசுகிறது என்றார். எண்ணிக்கை முக்கியமில்லை, பெண்ணின் உரிமைதான் முக்கியம், அவள் உடம்பைப் பற்றி அவளே முடிவெடுக்க வேண்டும் என்றார். கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சு நிறைந்தது. இருபது வருடம் தாமதமாக வந்தாலும் இது வந்துவிட்டதே என்றிருந்தது. கோலாலம்பூரில் ஒரு பெரிய கூட்டம் ஏற்பாடாகியது. பழைய நாட்களில் சரியாகச் சொல்லாமல் ஆப்பரேஷன் செய்யப்பட்ட பெண் யாராவது வந்து பேச முடியுமா என்று இயக்குநர் என்னிடம் கேட்டார்.

எனக்கு ஒருவரைத் தெரியும் என்றேன்.

பண்டமாரானில் விமலா குடும்பத்தோடுதான் அக்கா இருந்தார். மெலிந்து போயிருந்தார். நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வயசாகிறது என்று நினைத்தேன். வந்த விஷயத்தைச் சொன்னேன். இந்த முறை கேட்கப்போகிறவர்கள் வேறு மாதிரியானவர்கள், அவர் பட்டதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள், விருப்பம் இருந்தால் மட்டும் வந்தால் போதும் என்று மூன்று தடவை சொன்னேன்.

"சரிங்க மிஸ்ஸி. எப்படிச் சொல்லணும்?"

"எப்படின்னா?"

"முன்ன சொன்ன மாதிரியா, வேற மாதிரியா?"

விமலா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான், "நடந்தத நடந்த மாதிரி சொல்லுங்க அக்கா," என்றேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டார். பிறகு, "அந்த நீலச் சேல நைஞ்சு போச்சு. பச்ச ஒண்ணு இருக்கு, கட்டலாமா?" என்று கேட்டார்.

கூட்டத்தில் நன்றாகவே பேசினார். வார்டு, ஜன்னலோரக் கட்டில், கட்டுறது என்ற வார்த்தை, மகனின் காய்ச்சல், எல்லாம் சொன்னார். யார் வந்து கேட்டது என்பதை மட்டும் சொல்லவில்லை. "ஒரு மிஸ்ஸி வந்து கேட்டாங்க" என்றார். நான் பக்கத்தில் நின்று, ஒரு நர்ஸ் வந்து கேட்டாள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பல பெண்கள் அழுதார்கள். அக்காவுக்கு நெடுநேரம் நிற்க முடியவில்லை. கழிவறை எங்கே என்று என்னிடம் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் கைகாட்டிவிட்டு, பேச வந்தவர்களோடு நான் பேசிக்கொண்டிருந்தேன்.

ஆறு வாரம் கழித்து விமலா போன் செய்தாள். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், ரத்தம் நிற்கவில்லை என்றாள்.

கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். பரவிவிட்டது. வார்டு டாக்டர் ஒரு மலாய்ப் பெண், சின்ன வயது. இவருக்கு இதற்கு முன் ஒரு தடவையாவது பரிசோதனை செய்திருக்கிறார்களா என்று கேட்டார். எங்கே வேலை செய்தார் என்று கேட்டார். சொன்னேன். எத்தனை வருடம் என்று கேட்டார். அதையும் சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டு என்னையே பார்த்தார். பிறகு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

எங்கள் கிளினிக்கில் அந்தப் பரிசோதனை ஆரம்பத்திலிருந்தே இருந்தது. கர்ப்பப்பை வாயில் ஒரு குச்சியால் லேசாகச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் தடவி அனுப்புவார்கள். மாத்திரை வாங்க வருகிற பெண்களுக்கு வருடம் தவறாமல் எடுப்போம். அவர்களுக்கு நினைவூட்டல் கடிதம் போடுவது என் வேலை. ஆப்பரேஷன் ஆனவர்களுக்கு மாத்திரை வேண்டாம், அதனால் அவர்கள் வரவும் வேண்டாம். அவர்கள் கோப்பில் "முடிந்தது" என்று முத்திரை குத்தி மேல் அலமாரியில் வைத்துவிடுவேன். அக்காவின் கோப்பும் அங்கேதான் இருந்தது. வாரா வாரம் அந்தக் கண்ணாடித் தகடுகளை அட்டைப்பெட்டியில் அடுக்கி, பஸ் ஏறிக் கொண்டுபோய் ஆய்வுக்கூடத்தில் கொடுத்துவிட்டு வந்தவர் அக்கா.

கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரத்தம் போவது ஒன்றரை வருடமாகவே இருந்திருக்கிறது.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல அக்கா. வேல செஞ்ச காலத்துல டாக்டர்கிட்ட ஒரு தடவ பாத்துக்கிட்டிருக்கலாமே. எல்லாம் அங்கயே இருந்துச்சே."

அவர் என் முகத்தைப் புதிதாக எதையோ கேட்டதுபோலப் பார்த்தார்.

"நானும் அந்த மேசையில படுத்துக்கலாமா மிஸ்ஸி? எனக்குத் தெரியாதே. அது வர்றவங்களுக்குன்னுல்ல நெனச்சேன்."

நாலு மாதம் இருந்தார். கடைசி வாரம் மருந்தில் பாதி மயக்கம். யாராவது கட்டிலருகே வந்தால் எழுந்திருக்கப் பார்ப்பார். விமலா தோளைப் பிடித்துப் படுக்கவைப்பாள். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், நாங்கள் இருவரும் கேன்டீனுக்குப் போயிருந்த நேரத்தில் போய்விட்டார். கூட்டத்தைப் பற்றிய அறிக்கை அதற்குப் பிறகு அச்சாகி வந்தது. தடித்த, வழவழப்பான தாள். பச்சைச் சேலையோடு அவர் படம் இருந்தது. விமலாவிடம் ஒன்றைக் கொடுத்தேன். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவள் கேட்கவில்லை.

அக்காவின் காரியம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய முதல் நாள் மேல் அலமாரியிலிருந்து "முடிந்தது" கோப்புகளை எல்லாம் இறக்கினேன். பரிசோதனைக்கு வரச் சொல்லி முகவரிக்கெல்லாம் கடிதம் எழுதினேன். பாதிக்கு மேல் திரும்பி வந்தன. தோட்டங்களை விற்றுவிட்டிருந்தார்கள், ஜனங்கள் எங்கெங்கோ போயிருந்தார்கள். வந்தவர்கள் மூன்று பேர். சிறப்புத் திட்டம் ஒன்று எழுதிக் கொடுங்கள், மேலே அனுப்பிப் பார்க்கலாம் என்றார் இயக்குநர். எழுதிக் கொடுத்தேன். அது எங்கே போனதென்று தெரியாது.

அக்காவின் இடத்தில் ஒரு பெண் வேலைக்கு இருந்தாள். அவளும் பண்டமாரான்தான், முப்பது வயது, இரண்டு பிள்ளைகள், கலகலவென்று பேசுவாள். கடிதங்கள் திரும்பி வந்த அந்த வாரம் அவளைக் கூப்பிட்டேன்.

"நாளைக்குக் காலையில டாக்டர் வந்ததும் மொதல்ல நீ அந்த மேசையில படு. ரெண்டு நிமிஷ வேல. வலிக்காது."

"எனக்கு ஒண்ணும் இல்லியே மிஸ்ஸி."

"இல்லன்னு தெரிஞ்சிக்கத்தான்."

அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். "வீட்டுல கேட்டுட்டு வரேன் லா."

"இதுக்கெதுக்கு கேக்கணும்?"

"கேக்காம எப்படி மிஸ்ஸி?"

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் காலை அவள் கணவன் படியேறி வந்தான். துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறவன், மரியாதையானவன்தான். அவளுடைய குடையும் சாப்பாட்டு டப்பாவும் இங்கே இருக்கிறது, வாங்கிக்கொண்டு போகலாம் என்று வந்தேன் என்றான். எடுத்துக் கொடுத்தேன். அவள் ஏன் வரவில்லை, அது ஒரு சின்னப் பரிசோதனைதான், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்ல ஆரம்பித்தேன்.

அவன் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னான்.

"நான் அவள வேலைக்குத்தான் அனுப்புனேன் மிஸ்ஸி."